கதவுக்கு முதுகு காட்டியவள்

ஜனவரி மாதத்தின் மூன்றாம் புதன்கிழமை காலை பத்து மணிக்கு நானும் ஓபாதாவும் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தோம். கையில் ஆளுக்கொரு தாள். கழுத்தில் வார்டு அலுவலக அடையாள அட்டை. ஒசாகாவில் மட்டுமல்ல, ஜப்பான் முழுவதும் அந்த மாதத்தில் தெருவில் வாழ்கிறவர்களை எண்ணுவார்கள். எங்கள் பங்குக்கு ரயில் பாலமும் அதன் இருபுறக் கரையும்.

எண்ணும் முறை எளிமையானது. கண்ணால் மட்டும் எண்ண வேண்டும். பேசக் கூடாது, எழுப்பக் கூடாது, பெயர் கேட்கக் கூடாது. இருவராகப் போய், தனித்தனியே எழுத வேண்டும். ஆணா, பெண்ணா, தெரியவில்லையா என்று மூன்று கட்டங்கள் இருக்கும். முடித்ததும் இரண்டு தாள்களும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் திரும்பவும் எண்ண வேண்டும். ஏழு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். என் தாள் ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

பாலத்தின் நாலாவது தூணுக்கு அடியில் ஹிருகாவா கிழவரின் குடில் இருந்தது. வெளியே பார்த்தால் நீலத் தார்ப்பாய் மூட்டை மாதிரிதான் இருக்கும். ஆனால் அதைக் கட்டியவருக்குக் குளிரின் குணம் தெரியும். குளிர் மேலிருந்து விழுவதில்லை; தரையிலிருந்து ஏறும். அதனால் முதலில் மரச்சட்டங்கள், அதன்மேல் மீன்பெட்டித் தெர்மாகோல், அதன்மேல் மூன்று அடுக்கு அட்டை. பின்னால் தூண், இரண்டு பக்கமும் பலகை. வாசல் மட்டும் வேறு வழியில்லாமல் வடக்கே ஆற்றைப் பார்த்து இருந்தது. அதற்கு ஒரு கனத்த திரை.

அன்று அந்தத் திரை தூக்கிக் கட்டியிருந்தது.

உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வாசலுக்கு முதுகு. அரக்கு நிறத்தில் பஞ்சு வைத்துத் தைத்த அங்கி, கழுத்தளவு வெட்டிய முடி. செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தாள். தாள் மடிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அதே நேரம், காலிக் குளிர்பான டப்பாக்களைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு, வண்டியைத் தள்ளியபடி ஹிருகாவா கரைச்சரிவில் இறங்கி வந்தார். ஆண் ஒன்று, பெண் ஒன்று என்று எழுதினேன்.

ஓபாதா என் தாளை எட்டிப் பார்த்தாள். "ஹிசானோ அண்ணே, கண்ணாடியை வீட்லயே வச்சிட்டு வந்துட்டீங்களா?"

"ஏன்?"

"ரெண்டுன்னு எழுதியிருக்கீங்க."

"ரெண்டு பேர்தானே? அவரு ஒண்ணு, உள்ள அந்தம்மா ஒண்ணு."

"எந்தம்மா? அது போர்வை மூட்டை. மூட்டையெல்லாம் ஆளாக்குனீங்கன்னா அப்புறம் ஆபீஸ்ல நம்மளத்தான் எண்ணுவாங்க."

"பேப்பர் மடிக்கறது கேக்கலையா உனக்கு?"

"ரயிலு போறது கேக்குது. என் வயிறு கத்தறது கேக்குது. வேற ஒண்ணும் கேக்கல."

வண்டியின் சக்கரச் சத்தம் நின்றது. ஹிருகாவா கைப்பிடியை விட்டுவிட்டார். வண்டி தானாக இரண்டடி உருண்டு புல்லில் முட்டியது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி, நீ எத்தனை எழுதுன?"

பேசக் கூடாது என்பது விதி. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமலிருக்க முடியவில்லை.

"ரெண்டுங்க ஐயா."

"ரெண்டாவது ஆளு என்ன போட்டிருக்கு?"

"அரக்கு அங்கி. பஞ்சு வச்சது."

கிழவர் அப்படியே புல்லில் உட்கார்ந்தார். உள்ளே பார்த்தார். அவர் கண் அங்குமிங்கும் தேடிய விதத்திலிருந்து அவருக்கு எதுவும் தெரியவில்லை என்று புரிந்தது. பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"முதுகா, முகமா?"

"முதுகு."

"ஆமா," என்றார். "இன்னும் கோவம்தான்."

*

அவள் பெயர் கினுயோ. பதினான்கு வருடம் அந்தக் குடிலில் அவரோடு இருந்தவள். கல்யாணம் பதிவாகவில்லை. பதிவு செய்ய ஒரு விலாசம் வேண்டுமே.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு குளிரு வந்துச்சு தம்பி. எனக்கு இருமல், ரத்தம் வர்ற அளவுக்கு. வார்டுல இருந்து வந்து காப்பகத்துல இடம் இருக்குன்னாங்க. ஆம்பளைங்களுக்கு மட்டும். பொம்பளைங்களுக்கு ஊருக்கு அந்தக் கோடியில, அதுவும் அன்னிக்கு நிரம்பியாச்சு. அவ சொன்னா, நீ போ, நான் இங்க காவலுக்கு இருக்கேன், ரெண்டு பேரும் போயிட்டா மஞ்சத் தாளை ஒட்டிட்டு எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிருவானுங்கன்னு."

"ஒரு ராத்திரிதானே போனீங்க?" என்று ஓபாதா கேட்டாள். அவள் குரலில் இப்போது கிண்டல் இல்லை.

"ஒரு ராத்திரின்னுதான் போனேன். வெந்நீர்க் குளியல், சூடா சூப்பு, மெத்தை. நல்லாத் தூங்குனேன்மா." அவர் தன் கைகளையே பார்த்தார். "அதான் விஷயமே. நல்லாத் தூங்குனேன். காலைல எந்திரிச்சு, இன்னும் ஒரு ராத்திரின்னு நினைச்சேன். அப்புறம் இன்னும் ஒண்ணு. நாலாவது நாளு காலைல வந்தா, இப்படித்தான் உக்காந்திருக்கா. முதுகைக் காட்டிக்கிட்டு. கோவம்னு நினைச்சேன். வெளிய நின்னுக்கிட்டே அரைமணி நேரம் அந்த முதுகுகிட்ட மன்னிப்புக் கேட்டேன். ரெண்டு ஜோக்குகூடச் சொன்னேன். அப்புறம்தான் தோளைத் தொட்டேன்."

மேலே ஒரு ரயில் போனது.

மனிதர்கள் ஏன் காப்பகத்துக்கு வருவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்றே அதுவரை நினைத்திருந்தேன். கதவு காலை ஆறு மணிக்குத்தான் திறக்கும். டப்பா பொறுக்குகிறவருக்கு நாலு மணிக்கே வேலை தொடங்கிவிடும். வண்டிக்கு உள்ளே இடமில்லை, நாய்க்கு இடமில்லை. அரசு உதவிக்கு விண்ணப்பித்தால் அலுவலகம் உறவினருக்குக் கடிதம் போட்டு, இவரை உங்களால் பராமரிக்க முடியுமா என்று கேட்கும். இருபது வருடமாக முகத்தை மறைத்து வாழ்ந்தவருக்கு அந்த ஒரு கடிதம் மரணத்தைவிட மோசம். இவை எல்லாவற்றுக்கும் கொஞ்சம் முயன்றால் வழி உண்டு. சிலருக்கு நானே செய்து கொடுத்திருக்கிறேன். ஹிருகாவாவிடம் இரண்டு குளிர்காலத்தில் நான்கு முறை கேட்டிருந்தேன். "அடுத்த வருஷம் பாப்போம்" என்பார். இந்தக் காரணம் என் கணக்கிலேயே வரவில்லை.

அன்று இரவிலிருந்து மூன்று நாளைக்குக் கடுங்குளிர் என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. அவருக்கு எழுபத்திரண்டு வயது. மறுபடியும் இருமல் பிடித்திருந்தது.

நான் குடிலுக்குள் பார்த்தேன். பார்த்துக்கொண்டே ஒரு பொய் சொன்னேன்.

"ஐயா, அவங்க திரும்பிட்டாங்க."

ஹிருகாவா மூச்சை இழுத்தார்.

"சிரிக்கறாங்க. போகச் சொல்றாங்க. போயிட்டு வாங்கன்னு கையைக் காட்டறாங்க."

அவள் அசையவே இல்லை. அதே முதுகு. அதே தாள் மடியும் சத்தம்.

கிழவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பிறகு, "காவலுக்கு ஆளு வேணுமே" என்றார்.

"நான் இருக்கேன்."

கரையேறும்போது ஓபாதா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "உண்மையைச் சொல்லுங்க அண்ணே. திரும்புனாங்களா?"

"இல்ல."

"அப்ப என்னத்தைச் சொல்லித் தொலைச்சீங்க?"

"அவரு உசுரு பொழைக்கணும்ல?"

"அதுக்குச் செத்தவங்க வாயில நீங்க பேசுவீங்களா?" என்றாள். பிறகு என் தாளை வாங்கி இரண்டை அடித்து ஒன்று என்று திருத்தினாள். விதிப்படி இரண்டு தாளும் இப்போது ஒத்துப்போயின. மாலை ஐந்து மணிக்கு ஹிருகாவா காப்பக வரிசையில் நின்றார்.

*

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நண்பகலில் குடிலுக்குப் போனேன்.

மஞ்சள் தாள் விஷயம் இதுதான். ஆற்றங்கரைப் பராமரிப்பு ஆட்கள் தினமும் ஒரு சுற்று வருவார்கள். ஆள் தென்படாத பொருளின்மேல் 'உரிமையாளர் இல்லை' என்று மஞ்சள் தாள் ஒட்டுவார்கள். சில நாள் கழித்து லாரி வரும். ஆகவே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் போதும். நான் வாசலுக்கு வெளியே ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தேன். பராமரிப்பு ஆள் மூன்று மணிக்கு வந்தார், என் அடையாள அட்டையைப் பார்த்தார், தலையாட்டிவிட்டுப் போனார்.

அதுவரை நான் உள்ளே பார்க்கவில்லை. போர்வை மூட்டை என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்குமேல் சூரியன் பாலத்துக்குப் பின்னால் போனது. ஆற்றின்மேல் காற்று எழுந்தது. ஈர அட்டையின் வாடை, பழைய மண்ணெண்ணெய் வாடை, அவற்றுக்கு அடியில் இன்னொன்று. குளிர்பதனப் பெட்டியைத் திறந்ததும் வருமே, எதன் வாடையும் இல்லாத ஒரு வாடை. திரையின் ஓரம் பலகையில் அடித்துக்கொண்டே இருந்தது. என் விரல்கள் மடங்கவில்லை. இருட்டும்வரை இன்னும் ஒரு மணி நேரம்தானே என்று உள்ளே நுழைந்து திரையை இறக்கினேன்.

திரை போதவில்லை. காற்று அதைத் தூக்கித் தூக்கி நேராக நெஞ்சில் குத்தியது. யாராக இருந்தாலும் செய்வதைத்தான் செய்தேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தேன். முதுகு காற்றைத் தாங்கிக்கொண்டது. நெஞ்சு கொஞ்சம் சூடு கண்டது.

அப்போதுதான் உறைத்தது.

நான் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தக் குடிலில் குளிரில் தனியாக இருக்கிற எவரும் இப்படித்தான் உட்கார முடியும். வாசல் வடக்கே. காற்று வடக்கேயிருந்து. நெஞ்சைக் காப்பாற்ற வேறு வழியே கிடையாது. அது கோபம் இல்லை. அது காற்று.

என் வலது முழங்கைக்குப் பக்கத்தில் தாள் மடிந்தது.

நான் அசையவில்லை.

மறுபடியும் மடிந்தது. நிதானமாக, ஓரத்தை நகத்தால் நீவிவிட்டு.

என் மூச்சு வெள்ளையாக என் முன்னால் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் எந்த வெள்ளையும் எழவில்லை. கண்ணின் ஓரத்தில் அரக்கு நிறம். அதன் தோளில் உப்புத் தூவியதுபோல உறைபனி. மடியில் மடித்த தாள்கள் ஒரு மார்பின் அகலத்துக்கு அடுக்கியிருந்தன. சட்டைக்குள் வைத்துக்கொண்டால் காற்று நுழையாது. தெருவில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த உபாயம். அவள் அங்கிக்குள் ஒரு தாள்கூட இல்லை. அடுக்கியிருந்த எல்லாமே வேறொருவருக்கு.

"அவரு நல்லாத் தூங்குனாரா?"

மெல்லிய குரல், தொண்டை கட்டியதுபோல. என் தலையைத் திருப்பவிடாமல் ஏதோ கழுத்தைப் பிடித்திருந்தது.

"தூங்குனாரு," என்றேன்.

தாள் மடிவது நின்றது.

"இருமல்?"

"கொறைஞ்சிருக்கு."

"அப்ப சரி."

அவ்வளவுதான். தாள் மறுபடியும் மடியத் தொடங்கியது. நான் எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. கரைச்சரிவில் நாலு காலால் ஏறினேன்.

*

காப்பகத்தில் இரவுச் சாப்பாட்டு நேரம். ஹிருகாவா சாம்பல் நிற உடையில், முடியை நனைத்து வாரி, பத்து வயது குறைந்தவராக உட்கார்ந்திருந்தார். கையில் மிசோ சூப். எதிரே பல்லில்லாத ஒருவர் என்னைப் பார்த்ததும் முறையிட்டார்.

"சார், இந்தாளைத் திரும்பத் தெருவுக்கே கூட்டிட்டுப் போங்க. நேத்து ராத்திரி பூரா குறட்டை. படுக்கையே ஆடுது சார்."

"பதினோரு வருஷத்துத் தூக்கம்ய்யா, மொத்தமா வருது. பொறுத்துக்க," என்று ஹிருகாவா சிரித்தார்.

அந்தச் சிரிப்போடு விட்டுவிட்டு வந்திருக்கலாம். என் பொய் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஆனால் உண்மை அதைவிட நல்லது என்று நினைத்தேன். ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று புரிந்துவிட்டால் யாரிடமாவது விளக்காமல் என்னால் இருக்க முடியாது. அது என் சுபாவம். அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திரும்பவே இல்லை என்று சொன்னேன். ஆனால் அது கோபமே இல்லை. வாசல் எந்தத் திசை, காற்று எந்தத் திசை, நானே அப்படித்தான் உட்கார்ந்தேன் என்று கையால் வரைந்து காட்டினேன்.

"ஒரு நாளும் உங்க மேல கோவப்படல ஐயா. நல்லாத் தூங்குனாரான்னு கேட்டாங்க. இருமல் எப்படின்னு கேட்டாங்க."

அவர் சூப்புக் கிண்ணத்தை ஜன்னல் திட்டில் வைத்தார்.

"கோவக்காரியை விட்டுட்டு வந்துரலாம் தம்பி. அவ சிரிச்சா, போன்னு சொன்னான்னு நீ சொன்னப்ப, விட்டுட்டு வந்துர முடிஞ்சுது." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இது அப்படி இல்லையே."

"அவங்க இப்ப..."

"அவளுக்குக் குளிருதா?"

தோளில் இருந்த உறைபனி என் கண்ணில் நின்றது. இரண்டாவது பொய்க்கு என் நாக்கு எழவில்லை.

அவர் உள்ளே போய்த் தன் பழைய உடையை மாற்றிக்கொண்டு வந்தார். வரவேற்பில் இருந்தவர் விதியை நினைவுபடுத்தினார்: இப்போது வெளியே போனால் படுக்கை வேறொருவருக்கு, காலைவரை கதவு திறக்காது. காப்பகம் சிறை இல்லை. போகிறவரைத் தடுக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. நான் அவர் கையைப் பிடித்தேன். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். வழியெல்லாம் கெஞ்சினேன். என்னிடமிருந்த, கசக்கினால் சூடாகும் வெப்பப் பைகளை எல்லாம் அவர் சட்டைப் பைக்குள் திணித்தேன். குடிலின் திரைக்கு முன்னால் நின்று அவர் சொன்ன கடைசி வார்த்தை எனக்கல்ல.

"தள்ளி உக்காரு கினு. வாசப்பக்கம் நான் உக்காந்துக்கறேன்."

*

இரவு வெப்பநிலை மைனஸ் நாலுக்கு இறங்கியது. காலை ஆறு மணிக்கு ஓபாதாவும் நானும் திரையை விலக்கினோம்.

அவர் வாசலை அடைத்தபடி, காற்றுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் முன்னால் எதையோ அணைத்ததுபோல் வளைந்திருந்தன. அந்த வளைவுக்குள், ஒரு ஆள் உட்காரும் அளவு இடத்தில் மட்டும், அட்டையில் உறைபனி படியவில்லை. வெப்பப் பைகள் அத்தனையும் அங்கே கிடந்தன.

மருத்துவமனையில் அவர் சட்டையைத் திறந்தபோது மார்புக்கும் துணிக்கும் நடுவே மடித்த செய்தித்தாள்கள் இருந்தன. ஓபாதா ஒன்றைப் பிரித்துத் தேதியைப் பார்த்தாள். பதினோரு வருடத்துக்கு முந்தைய ஜனவரி. தாள் பழுப்பேறவே இல்லை. அவள் அதை அதேபோல் மடித்துத் திரும்ப வைத்தாள்.

"அண்ணே," என்றாள். "அந்தத் தாள்ல நான் ஒண்ணுன்னு மாத்தியிருக்கக் கூடாது."

ஷிமானே பகுதியில் இருந்த அவருடைய தங்கைக்கு அலுவலகம் கடிதம் போட்டது. உடலைப் பெற்றுக்கொள்ள இயலாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதனால் பன்னிரண்டாம் நாள் தகனக் கூடத்துக்கு நாங்கள் இருவர் மட்டும் போனோம். எரிந்து முடிந்து தட்டு வெளியே வரும் நேரத்தில் ஓபாதாவை ஏதோ கையெழுத்துக்காக அலுவலக அறைக்கு அழைத்தார்கள்.

எங்கள் வழக்கத்தில் எலும்பை ஒருவர் தனியாக எடுக்கக் கூடாது. இருவர் எதிரெதிரே நின்று, ஆளுக்கொரு ஜோடிக் குச்சிகளால் ஒரே எலும்பைச் சேர்ந்து பிடித்து, ஜாடிக்குள் வைக்க வேண்டும். காலில் தொடங்கித் தலையில் முடிக்க வேண்டும். அப்போதுதான் போகிறவர் ஜாடிக்குள் நேராக நிற்பார்.

"ஒருத்தராவா வந்திருக்கீங்க? இருங்க, அந்தப் பக்கம் நான் பிடிச்சுக்கறேன்," என்று கூடத்து ஊழியர் வெள்ளைக் கையுறையை எடுக்கத் திரும்பினார்.

அவருக்காகக் காத்திருக்காமல், நீளமான கால் எலும்பு ஒன்றின் இந்த ஓரத்தைக் குச்சிகளால் பற்றிப் பார்த்தேன். அவ்வளவு நீளத்தை ஒரு முனையில் பிடித்துத் தூக்கினால் மறுமுனை சரிந்து உடையும். எனக்குத் தெரியும்.

சரியவில்லை.

அது தட்டிலிருந்து மட்டமாக எழுந்தது. பாதி எடைதான் என் கையில் இருந்தது.

ஊழியர் கையுறையோடு திரும்பி வந்தார். நின்றார். என்னைப் பார்க்கவில்லை, தட்டுக்கு மறுபக்கத்தைப் பார்த்தார். பிறகு இரண்டடி பின்வாங்கி, யாரோ ஒருவருக்கு வணங்குவதுபோல ஆழமாகத் தலை குனிந்தார்.

என் குச்சிகள் நடுங்கிக்கொண்டே இருந்தன. எலும்பின் மறுமுனை நடுங்கவில்லை. ஜாடியை நோக்கி அதுதான் முன்னால் போனது. நான் கூடவே போனேன்.